குழந்தைக்குப் பசும்பால்: எந்த வயதில் கொடுக்கலாம்?

பசும்பாலைப் போற்றுவது நம் மரபு. புதுமனை புகும் நாளில் முதன் முதலாகப் பால் காய்ச்சுகிறோம். தைப்பூசத்தன்று பால்குடம் ஏந்துகிறோம். நோயுற்றவருக்கும் முதியவருக்கும் ஒரு குவளைப் பால் கொடுத்துத் தேற்றுகிறோம். இத்துணைச் சிறப்புடைய பாலைப் பச்சிளங் குழந்தைக்குக் கொடுத்தால் என்ன தவறு என்று தாய்மார்கள் கேட்பதில் வியப்பில்லை.

போர்ட்டிக்சன் மாவட்டத்தைச் சேர்ந்த சுவா போன்ற இடங்களிலுள்ள தோட்டங்களில் இக்கேள்வி ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எழுகின்றது. தாய் பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் நேரமே அது. நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி முன்னர் 60 நாளாக இருந்த அவ்விடுப்பு, 2023 ஜனவரி முதல் நாள் தொடங்கி 98 நாளாக உயர்த்தப்பட்டுள்ளது. அவ்விடுப்பு முடியும்போது குழந்தைக்கு மூன்று மாதமளவே ஆகியிருக்கும். விடியுமுன் பிரட்டுக்குச் செல்லும் தாய், குழந்தையைப் பாட்டியிடமோ ஆயாவிடமோ விட்டுச் செல்கிறாள். பசித்து அழும் பிள்ளைக்கு எளிதாகக் கிடைக்கும் பாலைக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் அப்போதுதான் தோன்றுகிறது. அந்த எண்ணத்தைச் செயலாக்குமுன் பின்வரும் செய்திகளை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருத்தல் அவசியம்.

கன்றின் உணவும் குழந்தையின் உணவும்

பசு தன் கன்றுக்காகவே பால் சுரக்கின்றது. கன்று பிறந்த அன்றே எழுந்து நடக்கும். சில வாரங்களில் அதன் எடை வெகுவாகக் கூடிவிடும். அவ்வளர்ச்சிக்கு ஏற்ற வகையில் பசும்பாலில் புரதமும் உப்புச் சத்துகளும் மிகுந்துள்ளன. 100 மில்லிலிட்டர் தாய்ப்பாலில் ஏறக்குறைய ஒரு கிராம் புரதம் உள்ளது. அதே அளவு பசும்பாலில் மூன்று கிராமுக்கும் அதிகமாக இருக்கின்றது. சோடியம் என்னும் உப்புச் சத்தும் சுமார் மூன்று மடங்காகும். இவற்றின் கழிவைச் சிறுநீராக வெளியேற்ற வேண்டிய பொறுப்பு, இன்னும் முழு வளர்ச்சி அடையாத குழந்தையின் சிறுநீரகங்களைச் சேர்கின்றது. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும் நாள்களில் இச்சுமை ஆபத்தாகவும் மாறக்கூடும்.

இதனினும் முக்கியமானது இரும்புச் சத்து. ஒரு லிட்டர் பசும்பாலில் அரை மில்லிகிராம் அளவே இரும்பு உண்டு. ஆறு மாதத்தைக் கடந்த குழந்தைக்கோ நாளொன்றுக்கு 9 முதல் 11 மில்லிகிராம் வரை தேவைப்படுகின்றது. தாய்ப்பாலிலும் இரும்பு குறைவுதானே என்று சிலர் கேட்கலாம். தாய்ப்பாலில் உள்ள இரும்பைக் குழந்தையின் உடல் நன்கு ஏற்றுக் கொள்கின்றது. அன்றியும், நிறைமாதத்தில் பிறந்த குழந்தை தாயின் வயிற்றிலிருந்தே முதல் ஆறு மாதத்திற்குப் போதுமான இரும்பைச் சேமித்துக் கொண்டு வருகின்றது. குறைமாதத்தில் அல்லது குறைந்த எடையில் பிறந்த குழந்தையிடம் இச்சேமிப்பு குறைவாகும்.

பசும்பாலோ அச்சேமிப்பைக் கரைக்கவும் கூடும். ஒரு வயதுக்குட்பட்ட சில குழந்தைகளின் குடலில் அது கண்ணுக்குத் தெரியாத சிறு இரத்தக் கசிவை உண்டாக்குகின்றது. நாளடைவில் குழந்தைக்கு இரத்தச் சோகை ஏற்படுகின்றது. சோகையுற்ற குழந்தை வெளுத்துச் சோர்ந்து காணப்படும். அதன் மூளை வளர்ச்சியும் கற்கும் ஆற்றலும் பாதிக்கப்படலாம். பிள்ளை பால் குடித்துக் கொழுகொழுவென்று இருக்கிறதே என்று பெற்றோர் மகிழ்ந்திருக்கும் வேளையிலேயே இக்குறை உள்ளே வளர்ந்து கொண்டிருக்கும்.

தண்ணீர் கலந்தால் சரியாகிவிடுமா?

பசும்பாலில் பாதியளவு நீரும் சிறிது சீனியும் சேர்த்துக் கொடுப்பது பழைய வழக்கம். நீர் சேர்த்தால் புரதமும் உப்பும் குறையும் என்பது உண்மை. ஆனால் குழந்தை வளரத் தேவையான கொழுப்பும் பிற சத்துகளும் கூடவே குறைந்துவிடுகின்றன. ஏற்கெனவே குறைவாக உள்ள இரும்பு மேலும் குறைகின்றது. சீனி வயிற்றை நிரப்புமேயன்றி அக்குறையை ஈடு செய்யாது.

டின்பால் தந்த பாடம்

இவ்விடத்தில் நம் வட்டாரத்தில் நிகழ்ந்த ஒரு வரலாற்றைக் கூறுதல் பொருந்தும். ஜமைக்காவிற் பிறந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், ஆப்பிரிக்காவில் கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானா நாட்டில் பணியாற்றினார். சத்துக் குறைவால் குழந்தைகளுக்கு உண்டாகும் குவாஷியோர்க்கர் நோயை மருத்துவ உலகிற்கு 1930ஆம் ஆண்டுகளில் விளக்கியவர் அவரே. பின்னர் அவர் மலாயாவிற்கு மாற்றப்பட்டார். இங்கே சீனி கலந்த டின்பால் குழந்தைகளுக்கு ஏற்ற உணவென விளம்பரப்படுத்தப்பட்டதையும், அதைக் குடித்த ஏழைக் குழந்தைகள் நோயுற்று மடிவதையும் அவர் நேரிற் கண்டார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்று பொருள்படும் தலைப்பில் உரையாற்றி, இவ்வழக்கத்தை வன்மையாகக் கண்டித்தார். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் சாங்கியில் சிறைப்பட்டிருந்த அவர், போருக்குப் பின் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவிற்குத் தலைமை தாங்கினார்.

அவர் விடுத்த எச்சரிக்கை இன்றும் பொருந்தும். சீனி கலந்த டின்பாலில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு சீனியே. இப்போது கடைகளில் விற்கப்படும் டின்கள் பலவற்றில் இருப்பது பாலன்று. செம்பனை எண்ணெய் சேர்த்த இனிப்புக் கிரீமரே ஆகும். காப்பிக்கும் தேநீருக்கும் அது உதவலாம். குழந்தைக்கு எந்த வயதிலும் அது பாலாகாது.

வயதுக்கேற்ற முறை

பிறந்தது முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை. வேலைக்குச் செல்லும் தாய், கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, கொதிநீரில் இட்டு எடுத்த மூடியுள்ள பாத்திரத்தில் பாலைப் பீய்ச்சி வைத்துச் செல்லலாம். குளிர்ந்த நிழலான இடத்தில் அது நான்கு மணி நேரம் வரை கெடாது. வெப்பம் மிகுந்த வீட்டில் அதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். குளிர்பெட்டியின் உட்புறத்தில் நான்கு நாள் வரை வைக்கலாம். பிள்ளையைப் பார்த்துக் கொள்பவர் அதைச் சிறு கிண்ணத்தால் புகட்டலாம். வேலை முடிந்து திரும்பியதும், இரவிலும், தாய் நேரடியாகப் பாலூட்டி வந்தால் பால் வற்றாது.

தாய்ப்பால் கிடைக்காத நிலையில், குழந்தைகளுக்கென்றே தயாரிக்கப்பட்ட பால்மாவைக் கிளினிக்கில் ஆலோசனை பெற்றுக் கொடுக்க வேண்டும். டின்னில் குறித்துள்ள கரண்டியளவைக் குறைக்கலாகாது. பணத்தை மிச்சப்படுத்த மாவைக் குறைத்து நீரைக் கூட்டுவது பிள்ளையைப் பட்டினி போடுவதற்கு ஒப்பாகும்.

ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலுடன் திட உணவைத் தொடங்க வேண்டும். மசித்த சோறு, பருப்பு, கீரை, மீன், கோழி, முட்டை, சிறிதளவு ஈரல் ஆகியவை இரும்பும் புரதமும் தரும். உடன் சிறிது பப்பாளியோ கொய்யாவோ கொடுத்தால் இரும்பு நன்கு உடலிற் சேரும். தேநீரும் வரக்காப்பியும் இரும்பு சேர்வதைத் தடுப்பவை. அவற்றில் பிஸ்கட்டை நனைத்து ஊட்டும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். இவ்வயதில் உணவில் சிறிது காய்ச்சிய பாலோ தயிரோ கலப்பதால் தீங்கில்லை. அதையே முக்கிய உணவாக்குவதுதான் கூடாது.

தாய்ப்பால் பெறாத ஆறு முதல் பதினொரு மாதக் குழந்தைக்குப் பால்மாவோ விலங்குப் பாலோ கொடுக்கலாம் என உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டின் வழிகாட்டியில் கூறியுள்ளது. பால்மாவு வாங்க இயலாத குடும்பத்திற்கு இது ஒரு வழி. எனினும் இரும்புச் சத்துள்ள உணவு தவறாமல் கிடைத்தால்தான் அது பாதுகாப்பானது. ஆகவே தாதியின் ஆலோசனையின்றி இம்முடிவை எடுக்க வேண்டாம்.

ஒரு வயது நிறைந்த பின் பசும்பாலைத் தாராளமாகத் தொடங்கலாம். தாராளம் என்பதற்கும் அளவு உண்டு. நாளொன்றுக்கு 350 முதல் 500 மில்லிலிட்டர், அஃதாவது இரண்டு குவளை போதும். அதற்கு மேல் குடிக்கும் பிள்ளை சோற்றை வெறுக்கும். இரத்தச் சோகை மீண்டும் தலைகாட்டும். இரண்டு வயது வரை கொழுப்பு நீக்காத பாலையே கொடுக்க வேண்டும். புட்டியை வாயில் வைத்தபடி உறங்க விட்டால் பற்கள் சொத்தையாகும். ஆதலால் குவளையில் பழக்குவது நன்று. தாய்ப்பாலை இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம்.

கறந்த பாலைக் காய்ச்சுக

வீட்டில் கறந்த பாலாயினும், அண்டை வீட்டாரிடம் வாங்கிய பாலாயினும், பொங்கும் வரை காய்ச்சியே கொடுக்க வேண்டும். காசநோய், புருசெல்லா முதலிய கிருமிகள் பச்சைப் பால் வழியே பரவக்கூடியவை. மாடு நோயின்றித் தோன்றுவது மட்டும் பாலின் தூய்மைக்குச் சான்றாகாது.

எப்போது கிளினிக்கிற்குச் செல்ல வேண்டும்?

குழந்தையின் உள்ளங்கையும் கண்ணிமையின் உட்புறமும் வெளுத்திருத்தல், விளையாட்டில் நாட்டமின்றிச் சோர்ந்திருத்தல், எடை கூடாதிருத்தல், மலத்தில் இரத்தம் காணுதல், பால் குடித்ததும் வாந்தியோ தடிப்போ உண்டாதல் ஆகிய குறிகளைக் கண்டால் தாமதம் வேண்டாம். பால் குடித்ததும் முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பெற்றோர்களே, பிள்ளையை ஆயாவிடமோ பாட்டியிடமோ ஒப்படைக்கும்போது, அதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதோடு எதைக் கொடுக்கக் கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்லிச் செல்லுங்கள். அவர்கள் அன்பினால்தான் பாலைப் புகட்டுகிறார்கள். காரணத்தை எடுத்துரைத்தால் கேட்டுக் கொள்வார்கள். பசும்பால் எங்கும் போய்விடாது. முதல் பிறந்தநாள் வரை காத்திருந்தால், அதே பால் பிள்ளைக்கு நல்லுணவாக அமையும்.