மாயத்துக்கும் ஒரு கட்டு உண்டு

மாயாஜால சாகசப் படம் என்றதும் பறக்கும் கம்பளமும் பேசும் பொம்மையும் மலைக்குகைப் புதையலும் நினைவுக்கு வரும். இவை எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் படத்தின் சுவையை அளக்க முடியாது. குடும்பத்தோடு பார்க்கும் படத்துக்கு மூன்று கேள்விகள் முதன்மையானவை. மாயத்துக்கு ஒரு கட்டு இருக்கிறதா? ஆபத்து ஆபத்தாகத் தெரிகிறதா? பாட்டி முதல் பேரன் வரை ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு கிடைக்கிறதா? காட்சியழகு, நீளம், தணிக்கைச் சான்று எல்லாம் இவற்றுக்கு அடுத்தவை.

முதல் கேள்வியைப் புரிந்துகொள்ளத் தருமபுரி மண்ணிலேயே ஒரு பழங்கதை இருக்கிறது. அன்று தகடூர் என்று பெயர் பெற்றிருந்த இந்த ஊரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, மலைப்பிளவில் விளைந்த அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்குக் கொடுத்ததைப் புறநானூற்றின் 91ஆம் பாட்டு சொல்கிறது. சாவை விலக்கும் கனி, அதைப் பறிப்பதில் உள்ள ஆபத்து, கிடைத்தபின் யாருக்கு என்ற முடிவு என்று மாயக்கதைக்கு வேண்டிய அனைத்தும் அதில் உண்டு. கனி ஒன்றே ஒன்றுதான்; அந்த வரம்புதான் கட்டு. கூடை நிறையக் கிடைத்திருந்தால் கொடுத்ததில் பெருமை இல்லை, கதையும் இல்லை.

திரையில் இந்தக் கட்டைத் தெளிவாகக் காட்டிய படம், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் வெளியிட்ட ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. டி. ஆர். சுந்தரம் இயக்கிய இந்தப் படத்தில் குகைக்கதவு திறக்க மந்திரச்சொல் போதும். சொல் மறந்தால் எந்தப் பலமும் பலிக்காது. அலிபாபாவாக எம்.ஜி.ஆர். நடிக்க, அண்ணன் காசிமாக அவருடைய உடன்பிறந்த அண்ணன் எம். ஜி. சக்கரபாணி நடித்தார். புதையலைக் கண்ட மயக்கத்தில் சொல்லை மறந்து காசிம் உள்ளே மாட்டிக்கொள்கிறான். திரையில் இருப்பவனுக்கு மறந்த சொல் கீழே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குத் தெரியும். எடுத்துக்கொடுக்க அது துடிக்கும். விதி முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தால்தான் இந்தத் துடிப்பு வரும். சிக்கல் வரும்போதெல்லாம் நாயகனுக்குப் புதுச்சக்தி முளைக்கும் படத்தில், பார்ப்பவருக்குக் கவலைப்பட எதுவும் இல்லை.

ஆபத்தின் அளவு அடுத்தது. தயாரிப்பாளர்கள் நாகிரெட்டியும் சக்கரபாணியும் (எம்.ஜி.ஆரின் அண்ணன் அல்ல, இவர் வேறு) 1947இல் ‘அம்புலிமாமா’ இதழைத் தொடங்கியவர்கள். அவர்களுடைய விஜயா நிறுவனம் 1951இல் எடுத்த ‘பாதாள பைரவி’யில், எஸ். வி. ரங்காராவின் மந்திரவாதி ஒரு வீர இளைஞனைப் பலிகொடுக்கத் தேடி அலைகிறான். கேட்டதைக் கொடுக்கும் பதுமையை அடைய அது ஒன்றே வழி. குழந்தை நடுங்குவதற்கு இது போதும். அதே மந்திரவாதியின் சக்தி முழுவதும் அவன் தாடியில் இருப்பதாகவும், ஏமாந்து அவன் அதை மழித்துக்கொள்வதாகவும் கதை திரும்பும்போது அந்த நடுக்கம் சிரிப்பாகிறது. வில்லன் வெறும் கோமாளியானால் சாகசம் இல்லை. ரத்தமும் சித்திரவதையும் பெருகினால் குழந்தை அம்மாவின் முந்தானைக்குள் முகம் புதைத்துக்கொள்ளும். பயம் வந்து, பின் அவிழ வேண்டும்.

மூன்றாவது, பங்கு. 1957இல் வந்த ‘மாயாபஜார்’ இதற்கு நல்ல சான்று. வியாச பாரதத்தில் இல்லாத, மக்கள் வழக்கில் வளர்ந்த ஒரு கல்யாணக் கதை அது. கடோத்கஜன் மணப்பெண் உருவம் எடுத்து மாப்பிள்ளையை மிரட்டுவது குழந்தைகளுக்கு. அபிமன்யுவின் காதல் இளையவர்களுக்கு. சொத்து போனதும் சம்பந்தத்தைக் கைகழுவும் உறவினரின் போக்கு, வாழ்ந்து பார்த்த பெரியவர்களுக்கு. ஒரே காட்சியில் மூவரும் வெவ்வேறு காரணத்துக்காகச் சிரிக்கிறார்கள். தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலையும் இதுதான். ராஜாவை அறிமுகம் செய்துகொண்டே ஊர்க் கதையையும் கிண்டலடித்து, எல்லா வயதினரையும் அவன் விழித்திருக்க வைக்கிறான்.

காட்சியழகு இவற்றுக்குத் துணை. கணினி இல்லாத காலத்தில் ‘மாயாபஜார்’ ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி, லட்டுகள் தாமாகப் பறந்து கடோத்கஜன் வாய்க்குள் போவதைக் காட்டினார். அந்தத் தந்திரம் இன்றும் இனிப்பதற்குக் காரணம், அவனுடைய பசியை அது காட்டுவதுதான். ‘அலிபாபா’ முழுநீள வண்ணப்படமாக வந்த முதல் தமிழ்ப்படம். புதையல் மின்னும் கதைக்கு வண்ணம் பொருந்தியது. 1939இல் வந்த ஹாலிவுட்டின் ‘விசர்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் சிறுமியின் சொந்த ஊர் வண்ணமின்றியும் மாய உலகம் வண்ணத்திலும் வரும். இன்றைய கிராபிக்ஸையும் இப்படிக் கதைக்குப் பொருந்துகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். மிருகம் எவ்வளவு பெரியது என்பதைவிட, அது கால் வைத்தால் மண் அதிர்கிறதா, நடிகரின் பார்வை அதன்மேல் விழுகிறதா என்பதே முக்கியம்.

நீளத்தைக் கடிகாரத்தால் மட்டும் சொல்லிவிட முடியாது. ‘மாயாபஜார்’ ஏறக்குறைய மூன்று மணி நேரப் படம். பாட்டு வரும்போது கதை நின்றுவிடாமல் நகர்ந்தால் நீளம் உறைக்காது. நின்றால் முதலில் நெளிவது குழந்தைதான்.

தணிக்கைச் சான்று வயதைச் சொல்லும், சுவையைச் சொல்லாது. ‘யு’ எல்லோருக்கும் உரியது. ‘யுஏ’ பிரிவை 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 7, 13, 16 வயதுக்கு மேல் என மூன்றாக வகுத்தது. பெற்றோர் அழைத்துப் போகும் முன் இதைப் பார்ப்பது நல்லது. ஆனால் ‘யு’ பெற்ற படமும் சலிப்பூட்டலாம்.

கடைசிச் சோதனை, இரண்டாம் முறை பார்ப்பது. தருமபுரிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது, போர்க்களக் காட்சியான படுகளத்தில் துரியோதனன் விழப்போவது ஊருக்கே தெரியும். தெரிந்தும் பாயை விரித்து விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். என்ன நடக்கும் என்பது தீர்ந்தபின்னும், எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்க அவர்களுக்கு ஆசை மிச்சமிருக்கிறது. முடிவு தெரிந்த பிறகும் குழந்தை ‘இன்னொரு தடவை போடு’ என்று கேட்கும் படத்திலும் மிஞ்சுவது அதே ஆசைதான்.