கருப்பு வந்தாரா, வரலையா? ‘விடாது கருப்பு’ முடிவுக்கு என்னதான் அர்த்தம்?

(இந்த எபிசோடில் பேசியதை, படிப்பதற்கு வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தித் தந்திருக்கிறோம்.)

இந்த வாரம் ஸ்டுடியோவுல இல்ல. எங்க ஊர் திருத்தணியில, வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்து பேசிட்டு இருக்கேன். நடுவுல சத்தம் ஏதாவது கேட்டா அது கோயில் மைக்கா இருக்கும், இல்லன்னா அரக்கோணம் போற ரயிலா இருக்கும். பொறுத்துக்கோங்க.

முதல்ல ஸ்பாய்லர் எச்சரிக்கை. கால் நூற்றாண்டுக்கு முன்னாடி முடிஞ்ச சீரியலுக்கு எதுக்குடா ஸ்பாய்லர்னு கேக்காதீங்க. ‘விடாது கருப்பு’வை யூடியூப்ல இப்பதான் முதல் தடவையா பாக்குறவங்க நிறைய பேர் இருக்காங்க. பாதியில இருக்கீங்கன்னா இங்கயே நிறுத்திட்டு, பாத்து முடிச்சிட்டு வாங்க.

சாப்பாட்டு நேரத்துல ஒரு பட்டிமன்றம்

போன ஞாயித்துக்கிழமை வீட்டுல எல்லாரும் இருந்தாங்க. அம்மா, பெரியம்மா, சித்தப்பா, அப்புறம் நகரியில இருந்து வந்த அத்தை. நகரி எங்களுக்குப் பக்கத்து ஊர்தான், ஆனா ஆந்திரா. அத்தை பாதி தமிழ், பாதி தெலுங்குல பேசுவாங்க. இந்தப் பக்கம் முக்கால்வாசி குடும்பம் அப்படித்தான்.

நான் சும்மா ஒரு கேள்வி கேட்டேன். “விடாது கருப்பு கடைசில கொலை பண்ணினது யாரு?” சித்தப்பா யோசிக்கவே இல்ல. “ராஜேந்திரன்தான். அவனுக்கு மனநோய்.” அம்மா உடனே, “கை அவனோடது. செஞ்சது கருப்பு” அப்படின்னாங்க. அவ்வளவுதான், ரசம் ஆறிப்போற வரைக்கும் சண்டை.

இதே சண்டை அந்த சீரியல் பாத்த எல்லா வீட்டுலயும் நடந்திருக்கும். அதனால இன்னைக்கு அதை நிதானமா பிரிச்சுப் பாக்கலாம்.

கதை என்ன?

‘மர்மதேசம்’ வரிசையில ரெண்டாவது கதை இது. 1997-98ல சன் டிவியில வந்தது. எழுதினவர் இந்திரா சௌந்தர்ராஜன். 2024 நவம்பர்ல நம்மை விட்டுப் போனாரே, அவர்தான். அவரோட ‘விட்டுவிடு கருப்பா’ நாவல்தான் இதுக்கு மூலம். இயக்கம் நாகா. தயாரிப்பு, கே. பாலசந்தரோட மின்பிம்பங்கள்.

தோட்டக்காரமங்கலம்னு ஒரு கிராமம். காவல் தெய்வம் கருப்பசாமி. தப்பு பண்றவங்க ஒவ்வொருத்தரா சாகுறாங்க. ஊரு, “கருப்பு தண்டிச்சிடுச்சு”ன்னு நம்புது. ராஜேந்திரன் சின்னப் பையனா இருந்த காலமும், அவன் வளர்ந்து ஆளான காலமும் மாறி மாறி வரும். பெரியவனா நடிச்சவர் சேத்தன். கடைசியில முடிச்சு அவிழுது. சின்ன வயசுல மனசுல விழுந்த காயத்தால ராஜேந்திரனுக்குள்ள இன்னொரு ஆள் உருவாகியிருக்கான். அந்த ஆள்தான் கருப்பு. கொலைகளும் அவன் கையாலதான். அவனுக்கே அது தெரியாது.

அப்ப கேஸ் முடிஞ்சதுன்னு தோணுதுல்ல? மருத்துவம் ஜெயிச்சது, மூடநம்பிக்கை தோத்தது. சித்தப்பா கட்சி இதுதான்.

ஆனா அம்மா கேட்ட கேள்வி

அம்மா கேட்டாங்க: “சாமி எப்பதான்டா தனியா கைகால் முளைச்சு நேர்ல வந்துச்சு? ஆள் மேல இறங்கித்தானே பேசும்?”

நான் அமைதியாயிட்டேன். யோசிச்சுப் பாருங்க. நம்ம ஊர் கொடையில சாமியாடி ஆடும்போது, அந்த உடம்பு யாரோடதுன்னு எல்லாருக்கும் தெரியும். பக்கத்துத் தெரு மாமாதான் அவரு. ஆனா அந்த நேரத்துல யாரும் அவரை மாமான்னு கூப்பிட மாட்டாங்க. ஒரு மனுஷன் உடம்புல இன்னொரு ஆள் வந்து பேசுறது, அப்புறம் அவருக்கு அது ஞாபகம் இல்லாம போறது, இதெல்லாம் கிராமத்துக்குப் புதுசு இல்ல.

அதனால டாக்டர் சொல்ற விடை, ஊர் சொல்ற விடையை உடைக்கவே இல்ல. ‘அவனுக்குள்ள இன்னொரு ஆள் இருக்கான்’னு ரெண்டு பேருமே சொல்றாங்க. ஒருத்தர் அதுக்கு நோய்னு பேர் வைக்கிறார், இன்னொருத்தர் சாமின்னு பேர் வைக்கிறார். அத்தை இதைக் கேட்டுட்டு, “நீங்க சோறுன்றீங்க, நான் அன்னம்ன்றேன். தட்டுல இருக்கிறது ஒண்ணுதானே”ன்னு சிரிச்சாங்க. இந்த சீரியலோட முடிவைப் பத்தி நான் கேட்டதுலயே நல்ல விமர்சனம் அதுதான்.

இந்த வித்தை நம்ம சினிமாவுலயும் உண்டு. 1993ல வந்த மலையாளப் படம் ‘மணிச்சித்ரத்தாழ்’, அதோட வழியில 2005ல நம்ம ‘சந்திரமுகி’. ரெண்டுலயும் மனநல டாக்டர்தான் ஹீரோ. ஆனா கிளைமாக்ஸ்ல குணப்படுத்துறதுக்கு அவர் மந்திரவாதியோட சேர்ந்து ஒரு சடங்கை நடத்துறார். சாமி கும்பிடுறவங்களும் திருப்தியா வெளிய வருவாங்க, கும்பிடாதவங்களும் திருப்தியா வெளிய வருவாங்க.

வெளிநாட்டுல இதே மாதிரி பெரிய சண்டைன்னா ‘தி சொப்ரானோஸ்’. 2007 ஜூன் 10ஆம் தேதி கடைசி எபிசோடு. ஹீரோ குடும்பத்தோட ஹோட்டல்ல உட்கார்ந்திருக்கான், கதவு திறக்குது, திடீர்னு திரை கருப்பாயிடுது. கேபிள் போயிடுச்சுன்னே நிறைய பேர் நினைச்சாங்க. செத்தானா இல்லையான்னு இன்னும் பேசுறாங்க. அது விடையே சொல்லாத முடிவு. ‘விடாது கருப்பு’ விடையைத் தெளிவா சொல்லிடுச்சு. அதுக்கப்புறமும் சண்டை ஓயல. எனக்கு இதுதான் பெரிய விஷயமா தெரியுது.

இது வெறும் சீரியல் சண்டை இல்ல

இந்த இடத்துல பெரியம்மா எழுந்து உள்ள போயிட்டாங்க. ஏன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்.

பெரியம்மா பையன், எனக்கு அண்ணன். காலேஜ் படிக்கும்போது திடீர்னு தூக்கம் போச்சு. தனியா பேச ஆரம்பிச்சான். யாரோ கூப்பிடுறாங்கன்னு ராத்திரியில கிளம்பிடுவான். ‘சாமி வந்திருக்கு’ன்னு ஒருத்தர் சொன்னாங்க, ‘காத்து கருப்பு’ன்னு இன்னொருத்தர் சொன்னாங்க. கோயில் கோயிலா ஒரு வருஷம் போச்சு. அதுக்கப்புறம்தான் டாக்டர். இன்னைக்கு மாத்திரை எடுத்துக்கிறான், வேலைக்குப் போறான், நல்லா இருக்கான். ஆனா அந்த ஒரு வருஷத்தை பெரியம்மாவால மறக்க முடியல.

அண்ணனுக்கு அந்த வருஷம் முழுக்க யார் சொன்ன பேர் சரிங்கிறதைவிட, எப்ப உதவி வரும்ங்கிறதுதான் முக்கியமா இருந்திருக்கும். சீரியல்ல ரெண்டு அர்த்தமும் பக்கத்துல பக்கத்துல உட்காரலாம். வீட்டுல, எந்த அர்த்தத்தை முதல்ல எடுக்கிறோம்ங்கிறதுல ஒரு ஆளோட வாழ்க்கை இருக்கு.

ஏர்வாடி ஞாபகம் இருக்கா? 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம். குணமாகணும்னு தர்காவுக்குக் கூட்டிட்டு வந்தவங்களைத் தங்க வெச்சிருந்த ஒரு தனியார் காப்பகத்துல தீப்பிடிச்சது. அங்க இருந்தவங்களைச் சங்கிலியால கட்டி வெச்சிருந்தாங்க. ஓட முடியல. 28 பேர் இறந்துபோனாங்க. 2017ல வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், யாரையும் எந்த வகையிலயும் சங்கிலியால கட்டக்கூடாதுன்னு சொல்லுது.

அதுக்காக ‘கோயிலுக்கே போகாதே’ன்னு நான் சொல்லல. அது பலனும் தராது. அதே ஏர்வாடி தர்காவுல, துவாவோட மருந்தும்னு மனநல சிகிச்சை கொடுத்தாங்க. திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோயில்லயும் மனநல மறுவாழ்வு மையம் இருக்கு. கும்பிட வர்ற இடத்துக்கே டாக்டர் போறாரு.

சரி, எது சாமியாட்டம், எது நோய்? மருத்துவமே இதுக்கு ஒரு கோடு போட்டிருக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல், ஐசிடி-11. அதுல, ஊரே ஏத்துக்கிட்ட வழிபாட்டுக்குள்ள வர்ற அருள் நிலையை நோயா எடுத்துக்கக் கூடாதுன்னு தெளிவா இருக்கு. கொடையில பறை அடிக்கும்போது வந்து, விபூதி போட்டதும் இறங்கிடுதா? அது வேற. விருப்பமில்லாம, நேரம் காலம் இல்லாம வந்து, தூக்கத்தையும் படிப்பையும் வேலையையும் கெடுக்குதா, அந்த ஆள் வேதனைப்படுறாரா? அப்ப டாக்டரைப் பாக்கணும். எங்க அண்ணன் ரெண்டாவது வகை. இந்த ஒரு விஷயம் தெரிஞ்சிருந்தா எங்களுக்கு ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

சீரியல் மேல எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. ராஜேந்திரனுக்கு வந்த மாதிரி நிலைக்கு இப்ப மருத்துவப் பேர், விலகல் அடையாளக் குறைபாடு. இது இருக்கிறவங்க, அடுத்தவங்களைக் கொல்ற ஆளுங்க இல்ல. பெரும்பாலும் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கிறவங்க. ‘விடாது கருப்பு’, ‘அந்நியன்’ ரெண்டும் சேர்ந்து நம்ம தலைமுறைக்கு ‘ஸ்ப்ளிட் பர்சனாலிட்டின்னா கொலைகாரன்’னு சொல்லிக் கொடுத்துடுச்சு.

எங்க மலை சொல்ற முடிவு

கடைசியா ஒண்ணு. இங்க மொட்டை மாடியில இருந்து மலைக்கோயில் தெரியுது. வருஷத்து நாளுக்கு ஒண்ணுன்னு 365 படி. கந்த சஷ்டியில பல முருகன் கோயில்கள்ல சூரசம்ஹாரம் நடக்கும். திருத்தணியில நடக்காது. திருச்செந்தூர்ல போர் முடிச்ச முருகன், கோபம் தணிஞ்ச இடம் இதுன்னு ஐதீகம். அதனாலதான் ஊர் பேரே தணிகை. அன்னைக்கு இங்க புஷ்பாஞ்சலி, பூவாலதான் பூஜை.

ஒரே கதைக்கு ரெண்டு கடைசி எபிசோடு இருக்கு பாருங்க. ஒண்ணு யார் தோத்தாங்கன்னு சொல்லுது. இன்னொண்ணு கோபம் எப்படித் தணிஞ்சதுன்னு சொல்லுது. ‘விடாது கருப்பு’ நமக்கு முதல் முடிவைக் கொடுத்துச்சு: ஆள் யாருன்னு காட்டிடுச்சு. அந்தச் சின்னப் பையனோட காயம் எப்படி ஆறும்ங்கிறதைத்தான் நாம இத்தனை வருஷமா வீட்டுல உட்கார்ந்து பேசிட்டு இருக்கோம்னு நினைக்கிறேன்.

அன்னைக்கு சாயங்காலம் பெரியம்மா வெளிய வந்து சொன்னது இது: “கருப்போ நோயோ, அந்தப் பையன் கிட்ட ஒருத்தராவது அப்பவே உட்கார்ந்து பேசியிருக்கலாம்ல?” அதுக்கப்புறம் சித்தப்பாவும் அம்மாவும் எதுவும் பேசல.

உங்க வீட்டுல யாருக்காவது உதவி வேணும்னா, டெலிமானஸ் எண் 14416. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம். உங்க வீட்டுல ‘விடாது கருப்பு’ சண்டையில யார் எந்தக் கட்சின்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த வாரம் பாக்கலாம்.