ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆயில் மாற்ற எவ்வளவு ஆகும்?

ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆயில் மாற்றும் செலவு காருக்குக் கார் பெரிதும் மாறுபடும். மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற சிறிய இரண்டு இருக்கைக் காருக்கு அமெரிக்காவில் ஆகும் தொகை, சாதாரணக் குடும்பக் காருக்கு ஆவதைவிடப் பெரிதாக அதிகமிருக்காது. புகாட்டி வெய்ரோனுக்கு அதே நாட்டில் ஒரு தடவைக்குச் சுமார் 20,000 டாலர் ஆகும். ஒரு சிறிய புதுக் காரின் விலையை நெருங்கும் தொகை அது. இரண்டிலும் ஊற்றுவது எஞ்சின் ஆயில்தான். செலவை ஏற்றுவது பெரும்பாலும் ஆயில் அல்ல, அதை வடிப்பதற்குப் போகவேண்டிய வழி.

முதலில் ஆயிலின் பங்கு. எஞ்சின் ஆயில் உராய்வைக் குறைக்கிறது, சூட்டைச் சுமந்து வெளியேற்றுகிறது, கரியையும் உலோகத் துகளையும் ஃபில்டர்வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஸ்போர்ட்ஸ் காரில் இந்த மூன்று வேலையும் கடுமையானவை. டர்போசார்ஜரின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்கிக் குளிர்விப்பதும் இதே ஆயில்தான். மட்டமான ஆயில் அந்தச் சூட்டில் கருகிப் படிந்து, பாதையை அடைத்துவிடும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் முழு சிந்தடிக் ஆயிலைக் கேட்கிறார்கள். டப்பாவில் காணும் 0டபிள்யூ-40 என்ற குறியீட்டில் முன்னெண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னெண் எஞ்சின் சூடேறிய பிறகும் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் சொல்கின்றன.

அளவும் கூடுகிறது. எம்எக்ஸ்-5-க்கு ஏறத்தாழ நாலரை லிட்டர் போதும். 2020-இல் வந்த செவர்லே கார்வெட்டுக்கு ஏழு லிட்டர் தேவை. அதன் எஞ்சினில் டிரை சம்ப் என்ற ஏற்பாடு இருப்பது இதற்கு ஒரு காரணம். சாதாரணக் காரில் ஆயில் எஞ்சினுக்கு அடியிலுள்ள சம்பில் தேங்கி நிற்கும். வேகமாக வளைவு திரும்பும்போது அது ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டால் பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும். சில நொடிகள் போதும், பேரிங்குகள் கெட்டுவிடும். டிரை சம்பில் ஆயில் தனித் தொட்டியில் இருக்கும். அடியில் சேர்வதைக் கூடுதல் பம்புகள் உடனுக்குடன் உறிஞ்சித் தொட்டிக்கு அனுப்பும். எஞ்சின் பிழைக்கிறது, மாற்றவேண்டிய ஆயில் கூடுகிறது.

இவ்வளவு இருந்தும் ஆயிலும் ஃபில்டரும் சில நூறு டாலருக்குள் அடங்கிவிடும். மீதியெல்லாம் கூலி. முன்பக்கம் எஞ்சின் உள்ள காரில், லிஃப்டில் ஏற்றி, டிரெய்ன் பிளக்கைக் கழற்றி, ஃபில்டரை மாற்றி ஒரு மணி நேரத்துக்குள் இறக்கிவிடலாம். எஞ்சின் நடுவில் இருந்து, காற்றோட்டத்துக்காக அடிப்பாகம் முழுவதும் தகடுகளால் மூடப்பட்டிருந்தால் அவற்றைக் கழற்றி மாட்டுவதே பெரிய வேலையாகும்.

2005 முதல் 2015 வரை 450 கார்கள் மட்டும் கட்டப்பட்ட வெய்ரோன் இதன் உச்சம். 8 லிட்டர் எஞ்சின் கொள்ளளவு, 16 சிலிண்டர், நான்கு டர்போ, பத்து ரேடியேட்டர் என அத்தனையும் ஒரே உடலுக்குள் நெருக்கி அடுக்கப்பட்டுள்ளன. ஆயிலை முழுதாக வடிக்க 16 டிரெய்ன் பிளக்குகளைத் திறக்கவேண்டும். அவற்றை எட்ட அடித்தகடுகளையும் பின்பக்க உடல் பாகங்களையும் கழற்றியாக வேண்டும். நாள் கணக்கில் நீளும் இந்த வேலைக்குப் பயிற்சி பெற்ற மெக்கானிக்குகள் மிகச் சிலர். பில்லில் ஏறுவது அவர்களுடைய நேரம்.

எத்தனை தடவை மாற்றுவது என்பதும் செலவைத் தீர்மானிக்கிறது. இத்தகைய கார்கள் ஆண்டில் சில ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகின்றன. ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதே வழக்கம். குறைந்த தூரமே ஓடி நிற்கும் எஞ்சினில் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்து தங்கிவிடும். நின்ற காரிலும் ஆயில் கெடும். ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்கள் இன்னும் சீக்கிரம் மாற்றவேண்டும்.

செலவைக் குறைக்க நேர்மையான வழிகள் உண்டு. ஃபெராரி 2011 முதல் தன் புதுக் கார்களுக்கு ஏழு ஆண்டுப் பராமரிப்பை விலையோடு சேர்த்தே தருகிறது. ஆயில் மாற்றமும் அதில் அடக்கம். அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னசன்–மாஸ் சட்டப்படி, வெளி ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்தார்கள் என்பதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது. சரியான தர எண் உள்ள ஆயிலை ஊற்றி, ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

குறைக்கக் கூடாதவை ஆயிலின் தரமும் மாற்றும் கெடுவும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர் விலையோடு சர்வீஸ் புத்தகத்தையும் கேட்டுப் பார்க்கவேண்டும். முந்தைய உரிமையாளர் தள்ளிப்போட்ட ஆயில் மாற்றத்துக்கான தொகையைப் புதியவர் எஞ்சின் வேலையாகக் கட்டவேண்டிவரும்.