எட்டாயிரத்தில் ஒருவன்!

பிராக்டிகல் கிளாஸ்ல ரீடிங் எக்குத்தப்பா வந்தா என்ன பண்ணுவீங்க? பக்கத்து டேபிள் ஃப்ரெண்டோட நோட்டை எட்டிப் பார்த்து, 'கரெக்ட்' ரீடிங்கை எழுதிட்டு கேன்டீனுக்கு எஸ்கேப்... அதானே? அதுக்கு முன்னாடி எர்னஸ்ட் மார்ஸ்டனைப் பத்தி தெரிஞ்சுக்குங்க பாஸ்!

1909. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகம். மார்ஸ்டன் அங்கே 20 வயசு மாணவர். பேராசிரியர் ரூதர்ஃபோர்டு, முந்தின வருஷம்தான் நோபல் பரிசு வாங்கினவர். அவரோட உதவியாளர் ஹான்ஸ் கைகர், இந்தப் பையனுக்கும் ஏதாவது ஆராய்ச்சி கொடுக்கலாமேன்னு கேட்க, கிடைச்சது ஒரு விநோத வேலை. உலோகத் தகட்டுல ஆல்ஃபா துகள்களை மோத விடணும். ஏதாவது திரும்பி வருதான்னு பார்க்கணும்.

வராது என்பதுதான் ரூதர்ஃபோர்டின் கணிப்பே! ஏன்னா, அன்றைக்கு ஜே.ஜே.தாம்சன் சொன்னதுதான் அணு. பாசிட்டிவ் மின்சாரம் கேசரி மாதிரி பரவிக் கிடக்கும்; எலெக்ட்ரான்கள் அதுல முந்திரி மாதிரி பதிஞ்சிருக்கும். விநாடிக்கு 15,000 கி.மீ.க்கு மேல பாயுற துகளை கேசரியா திருப்பி அனுப்பும்?

மார்ஸ்டன் இருட்டறையில் உட்கார்ந்தார். துகள் வந்து பட்டா, துத்தநாக சல்ஃபைடு திரையில மினுக்னு ஒரு ஒளிப்புள்ளி. மைக்ரோஸ்கோப் வழியா ஒவ்வொண்ணா எண்ணணும். கம்ப்யூட்டர் கிடையாது, கண்ணுதான் மீட்டர்!

எண்ணினா... திரும்பி வருது! பிளாட்டினத் தகட்டுல பட்டதில் ஏறத்தாழ 8,000-க்கு ஒண்ணு.

'ஒண்ணுதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்'னு விட்டிருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். கைகரும் மார்ஸ்டனும் விடலை. அதே வருஷம் கட்டுரையா வெளியிட்டாங்க. அந்த ஒண்ணுக்குக் காரணம் தேடிய ரூதர்ஃபோர்டு, 1911-ல் விடை சொன்னார். அணுவின் கனம் கிட்டத்தட்ட மொத்தமும் நடுவில் துளியூண்டு இடத்தில் குவிஞ்சிருக்கு. அதை நெருங்குற அபூர்வத் துகளை மின்விலக்கு திருப்பி அடிக்குது. மத்ததெல்லாம் காலி இடத்துல ஹாயா கடந்து போயிடுது. அந்தத் துளிதான் அணுக்கரு! தங்க அணுவை கிரிக்கெட் மைதானம் அளவுக்குப் பெருசாக்கினா, அதோட அணுக்கரு பிட்ச் நடுவில் கிடக்கிற ஒரு பட்டாணி!

1913-ல் கைகரும் மார்ஸ்டனும் தங்கம், வெள்ளின்னு மெல்லிய தகடுகளை மாத்தி மாத்தி சோதிச்சு, ரூதர்ஃபோர்டின் கணக்கு பக்கான்னு நிரூபிச்சாங்க.

ஸோ, அடுத்த தடவை ரீடிங் முரண்டு பிடிச்சா, ரப்பரைத் தேடாதீங்க. கருவியைச் சரிபார்த்து மறுபடி எடுங்க. அப்பவும் அதேதான் வருதா? அப்படியே எழுதிட்டு, 'ஏன் சார் இப்படி?'ன்னு தைரியமா கேளுங்க!