ஜூடோவில் இரண்டு வெண்கலம் ஏன்? நான்காம் இடம் எங்கே?

ஆசிய ஜூடோ வெற்றியாளர் போட்டியின் முடிவுப் பட்டியலைப் பார்ப்பவர்களுக்கு முதலில் அச்சுப் பிழையோ என்ற சந்தேகம்தான் வரும். ஒவ்வோர் எடைப் பிரிவிலும் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் இடங்களில் இருவர் இருவராக இருப்பார்கள். நான்காம், ஆறாம் இடங்களே இருக்காது. இது பிழையல்ல, ஜூடோவின் விதிமுறையே அப்படித்தான்.

காலிறுதி வரை தோற்றவர் வெளியேற வேண்டியதுதான். ஆனால், காலிறுதியில் தோற்கும் நால்வருக்கு 'ரெப்பசாஜ்' எனப்படும் மறுவாய்ப்பு உண்டு. அவர்கள் இரண்டு ஜோடிகளாக மோதுவார்கள். அதில் தோற்கும் இருவருக்கும் ஏழாம் இடம். வெல்லும் இருவர், அரையிறுதியில் தோற்ற இருவரைத் தனித்தனியே சந்திப்பார்கள். அங்கு வென்றால் வெண்கலம், தோற்றால் ஐந்தாம் இடம். இரண்டு வெண்கல ஆட்டங்கள் நடப்பதால் பதக்கமும் இரண்டு.

இந்த இடங்களுக்கு மதிப்பும் உண்டு. பாரிஸ் ஒலிம்பிக்கிற்கான தகுதிக் காலத்தில், கண்ட அளவிலான போட்டியில் தங்கத்திற்கு 700 தரவரிசைப் புள்ளிகள், வெண்கலத்திற்கு 350, ஏழாம் இடத்திற்குக்கூட 182 புள்ளிகள் தரப்பட்டன. பதக்கமின்றித் திரும்புபவரும் ஒலிம்பிக்கை நோக்கி ஓர் அடி வைக்கலாம்.

கண்டப் போட்டியில் ஜொலிப்பவர்கள் உலக அரங்கிலும் ஜொலிப்பதற்கு அசர்பைஜானின் ஹிதாயத் ஹெய்தரோவ் நல்ல சான்று. ஆண்கள் 73 கிலோ பிரிவில் 2022, 2023, 2024 என மூன்று முறை தொடர்ந்து ஐரோப்பிய வெற்றியாளரானவர், 2024-இல் உலகப் பட்டத்தையும் பாரிஸ் ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றார்.

இதே முறையைப் பின்பற்றும் உள்ளூர்ப் போட்டிகளில் உங்கள் பிள்ளை கலந்துகொண்டால், "ஏழாவதுதானா?" என்று கேட்டுவிடாதீர்கள். 32 பேர் மோதும் பிரிவில் ஏழாம் இடம் பெற்றவர், காலிறுதிக்கு வரவே இரண்டு பேரை வீழ்த்தியிருக்க வேண்டும். அதே வேளையில், எட்டுப் பேர் மட்டுமே கலந்துகொண்ட பிரிவில் ஓர் ஆட்டத்திலும் வெல்லாமல் ஏழாம் இடம் கிடைத்துவிடும்.

எனவே, எத்தனையாவது இடம் என்பதோடு, எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், எத்தனை ஆட்டங்களில் வென்றாய் என்றும் கேளுங்கள். பிள்ளையின் உண்மையான முன்னேற்றம் அந்தப் பதில்களில்தான் தெரியும்.