புள்ளி சிறுத்தால் பொருளும் சிறுக்குமா?

பழனி மலைத்தொடரில் அமைந்த கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் 1899 இல் தொடங்கப்பட்டது. கால்சியம் ஒளியில் தெரியும் சூரியனை அங்கே ஒரு நூற்றாண்டுக் காலம் ஒளிப்படத் தகடுகளில் பதிவு செய்தனர். தகட்டில் சூரிய வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 60 மில்லிமீட்டர்.

இத்தகடுகள் பின்னர் கணிப்பொறிக்கு ஏற்ற படங்களாக மாற்றப்பட்டன. ஒவ்வொரு படமும் பக்கத்துக்கு 4096 புள்ளிகள் கொண்டது. இப்புள்ளிகளையே ‘பிக்சல்’ என்கிறோம். ஒரு பிக்சல் சூரியப் பரப்பில் சுமார் 620 கிலோமீட்டரைக் குறிக்கும். எனவே, 62,000 கிலோமீட்டர் அகலமுள்ள ஓர் ஒளித்திட்டு 100 பிக்சல் இடத்தை நிரப்பும். அதே தகட்டைப் பக்கத்துக்கு 2048 புள்ளிகளாகப் பதிந்தால் 50 பிக்சலே கிடைக்கும். திட்டு பாதியாகச் சுருங்கிவிட்டதா? இல்லை, அளவுகோல்தான் மாறியது. ஆகவே, ஒரு பிக்சல் எவ்வளவு நீளம் என்பதை அறியாமல் பிக்சல் எண்ணிக்கையை மட்டும் சொல்வதில் பயனில்லை.

கைப்பேசிச் செயலி எழுதும் மாணவர்கள் மறக்கக்கூடாத பாடம் இது. ஒரு பொத்தானின் அகலத்தை 48 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 160 பிக்சல் உள்ள திரையில் அது 7.6 மில்லிமீட்டர், விரலால் எளிதில் தொடலாம். 480 பிக்சல் உள்ள திரையிலோ அது 2.5 மில்லிமீட்டராகக் குறுகிவிடும். உழைத்துக் காய்ப்பேறிய ஒரு விவசாயியின் விரல் அதை எவ்வாறு தொடும்? எழுதியவரின் கைப்பேசியில் நன்றாக இயங்கும் செயலி, பிறர் கையில் பயனற்றதாகிவிடும் அல்லவா?

இதற்காகவே ஆண்ட்ராய்டு முறையில் ‘டிபி’ என்னும் அலகு உள்ளது. ஒரு டிபி என்பது ஏறத்தாழ ஓர் அங்குலத்தில் 160 இல் ஒரு பங்கு. கணக்கு எளியது:

பிக்சல் = டிபி × திரை அடர்த்தி ÷ 160

48 டிபி பொத்தானுக்கு 160 அடர்த்தியில் 48 பிக்சலும், 320 இல் 96 பிக்சலும், 480 இல் 144 பிக்சலும் தேவை. எண்ணிக்கை மாறினாலும் விரலுக்குக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ மாறாது.

எழுத்துகளுக்கு ‘எஸ்பி’ என்ற அலகு உண்டு. பார்வை மங்கிய முதியவர் தம் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால், செயலியின் எழுத்தும் உடன் பெரிதாகும். சுழிகளும் கொம்புகளும் நிறைந்த தமிழ் எழுத்துக்கு இது மிகவும் தேவை.

படங்களுக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 24 பிக்சல் படத்தை 72 பிக்சலாக விரித்தால் மங்கலாகும். தகட்டில் பதியாத நுணுக்கத்தைப் பின்னர் உருவாக்க முடியாது. ஆதலால் ஒரே படத்தை 24, 36, 48, 72, 96 பிக்சல் அளவுகளில் தனித்தனியே வரைந்து வைக்கிறார்கள்.

உங்கள் கைப்பேசியின் அடர்த்தியை நீங்களே கண்டறியலாம். திரை 1080 × 2400 பிக்சல், மூலைவிட்டம் 6.5 அங்குலம் என்றால், பிதாகரசு தேற்றப்படி மூலைவிட்டத்தில் சுமார் 2632 பிக்சல். அதை 6.5 ஆல் வகுத்தால் 405. உங்கள் திரைக்கு எவ்வளவு? கணக்கிட்டுப் பாருங்கள்.