மண்ணின் பிடியும் களிமண் குழம்பும்

சாலையைத் தோண்டாமலே அதன் அடியில் குழாய் பதிக்கலாம். சிங்கப்பூரில் 2008-ஆம் ஆண்டு நிறைவெய்திய ஆழ்சுரங்கக் கழிவுநீர்த் திட்டத்தின் முதற்கட்டத்தில், கிராஞ்சி முதல் சாங்கிவரை 48 கிலோமீட்டர் பெருஞ்சுரங்கமும், அதனோடு சேரும் சுமார் 60 கிலோமீட்டர் இணைப்புக் குழாய்களும் அமைந்தன. இத்தகைய குழாய்களைப் பதிக்கக் கையாளப்படும் முறைகளுள் ஒன்று, அவற்றை மண்ணுக்குள் தள்ளிச் செலுத்துவதாகும்.

ஆழமான குழியொன்றில் ஜாக்கிகளை நிறுத்திக் கான்கிரீட் குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுகின்றனர். முன்னே செல்லும் பொறி மண்ணைக் குடைந்து வழிவிடுகிறது. இதில் பெரிய இடையூறு உராய்வே. 2 மீட்டர் புறவிட்டமும் 100 மீட்டர் நீளமும் கொண்ட குழாய்த் தொடரின் புறப்பரப்பு ஏறத்தாழ 628 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஒரு டன் உராய்வு எனக் கொள்வோம். உராய்வை வெல்வதற்கு மட்டும் 628 டன் விசை வேண்டும். நீளம் இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும். விசை அளவு கடந்தால் குழாய் வெடிப்புறும். தொடர் நடுவழியில் சிக்கும். பின்னர் எந்தச் சாலையைக் காக்க எண்ணினோமோ, அதையே தோண்ட நேரும்.

இதனைத் தவிர்க்க உதவுவது பெண்டோனைட் என்னும் களிமண். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் காணப்படும் பெண்டன் பாறையடுக்கையொட்டி 1898-இல் இப்பெயர் வழங்கலாயிற்று. நீரை உறிஞ்சிப் பன்மடங்கு பருப்பது இதன் இயல்பு. இதன் குழம்பு, போத்தலிலுள்ள தக்காளிச் சாஸைப் போன்றது: அசைத்தால் ஓடும், அசையாதிருந்தால் கெட்டிப்படும்.

பொறி, குழாயைவிடச் சற்று அகலமாகவே குடைகிறது. அதனால் குழாயைச் சுற்றி ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளி உண்டாகிறது. குழாய்ச் சுவரிலுள்ள துளைகளின் வழியே அவ்விடைவெளியில் குழம்பை அழுத்தத்துடன் செலுத்துகின்றனர். மணற்பாங்கான நிலத்தில், களித்துகள்கள் மணலின் இடுக்குகளை அடைத்து மெல்லிய படலமாகின்றன. படலம் குழம்பை ஒழுகவிடாமல் தடுக்கிறது; குழம்பின் அழுத்தம் மண்ணைச் சரியவிடாமல் தாங்குகிறது. குழாயும் நீரில் மிதக்கும் தோணிபோல் ஓரளவு பாரம் குறைந்து நகர்கிறது.

ஆகவே, இது கீலுக்கு எண்ணெயிடுவது போன்ற வேலை மட்டுமன்று. மண் குழாயைத் தொடாதபடி காப்பதே இதன் தலையாய பணி. மண் சரிந்து இறுகியபின் குழம்பு ஊற்றுவதால் பயன் குறைவே. தொடக்கத்திலிருந்தே, குழாய் நகருந்தோறும் அதைச் செலுத்தி வரவேண்டும். வேலை நெடுநேரம் நின்றால் குழம்பு கெட்டிப்பட்டு, மண்ணின் பிடியும் இறுகிவிடும். மீண்டும் அசைக்கக் கூடுதல் விசை தேவைப்படும். தள்ளும் பணியை இயன்றவரை இடைவிடாது நடத்துவதற்குக் காரணம் இதுவே.